மூடி போட்ட பிறகு

ஒரு திங்கட்கிழமை மாலை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளின் பையைத் திறந்தால், டிபன் பாக்ஸ் காலையில் வைத்த கனத்திலேயே இருந்தது. எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். இரண்டுமே அவளுக்குப் பிடித்தவை. "ஏன்டி சாப்பிடல?" என்று கேட்டதுதான் தாமதம், அழுகை. "திறக்கவே முடியலம்மா. மிஸ்ஸும் இழுத்துப் பார்த்தாங்க. ஆயாம்மாவும் இழுத்துப் பார்த்தாங்க." பக்கத்துப் பிள்ளை கொடுத்த இரண்டு இட்லியில் அன்றைய பகல் ஓடியிருக்கிறது. நானும் இழுத்தேன். நாலு பக்க லாக்கும் கழன்றுவிட்டது, மூடி மட்டும் அசையவில்லை. கடைசியில் கரண்டிக் காம்பை விளிம்பில் கொடுத்து நெம்பியபோது 'பக்' என்று ஒரு சத்தம். மூடி கையோடு வந்தது.

பெட்டி வாங்கி நாலே நாள். "ஒரு சொட்டு லீக் ஆகாது" என்று சொல்லித்தான் விற்றார்கள். அதில் பொய்யில்லை. சொட்டு வெளியே வராத மூடி வழியாகக் காற்றும் உள்ளே போகாது. வினை அங்கேதான் இருந்தது.

நடந்தது இதுதான். காலையில் ஆவி பறக்கச் சாதத்தை அள்ளிப் போட்டு, பஸ் வந்துவிடும் என்ற பரபரப்பில் உடனே மூடினேன். அந்த நேரத்தில் பெட்டிக்குள் இருந்த இடைவெளியில் பெரும் பங்கு நீராவி. பெட்டி ஆற ஆற, ஆவி தண்ணீராகிச் சொட்டுகளாக மூடியில் ஒட்டிக்கொள்கிறது. ஆவி இருந்த இடம் காலியாகிறது. வெளிக்காற்று உள்ளே வந்து அந்த இடத்தை நிரப்ப ரப்பர் வாஷர் விடுவதில்லை. அதனால் காற்று மேலிருந்து மூடியை அமுக்குகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12 செ.மீ.க்கு 12 செ.மீ. மூடி என்றால் பரப்பு 144 சதுர செ.மீ. வெளிக்காற்று ஒவ்வொரு சதுர செ.மீ. மேலும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையாக அழுத்துகிறது. உள்ளே அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே மூடியின் மேல் 14 கிலோ உட்கார்ந்த மாதிரி. ஏழு வயதுப் பிள்ளையின் விரல் நகத்துக்கு அது எப்படி நகரும்?

இப்படி மாட்டிக்கொண்டால் நெம்ப வேண்டியதில்லை. பெட்டியை ஐந்து நிமிடம் வெந்நீரில் நிற்க வைத்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூடி தானே இளகும். சில பெட்டிகளில் மூடி நடுவே ஒரு சின்ன சிலிக்கோன் குமிழ் இருக்கும். பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். அது காற்று விடும் வழி. அதைத் தூக்கிவிட்டால் 'புஸ்' என்று காற்று உள்ளே போகும், மூடி சுலபமாக வரும். வாஷர் போட்ட பெட்டி வாங்குவதென்றால் குமிழ் உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. அதைவிட நல்லது, ஆறவிட்டு மூடுவது. அதற்கு வருகிறேன்.

அன்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது. டிபன் பாக்ஸைக் கடையில் பார்க்கும்போது அதன் பளபளப்பைப் பார்க்கிறோம். வீட்டில் கட்டும்போது அதில் எவ்வளவு கொள்ளும் என்று பார்க்கிறோம். ஆனால் அதன் உண்மையான வேலை நம் கண்ணுக்குத் தெரியாத நேரத்தில் நடக்கிறது. காலை ஏழுக்கு மூடினால் மதியம் பன்னிரண்டரைக்குத்தான் திறக்கிறார்கள். இடையில் ஐந்தரை மணி நேரம். பெட்டி சாய்கிறது, குலுங்குகிறது, உள்ளே வியர்க்கிறது, சோறு ஆறுகிறது, கிருமிக்கு நேரம் கிடைக்கிறது. எந்தப் பெட்டி வாங்கலாம், அதில் எதை வைக்கலாம் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இந்த ஐந்தரை மணி நேரத்துக்குள் இருக்கிறது.

எங்கள் தாத்தா வயலுக்குக் கொண்டுபோன பித்தளைத் தூக்குச்சட்டி இன்னும் பரணில் கிடக்கிறது. அதில் வாஷர் கிடையாது, லாக் கிடையாது. மூடி சும்மா உட்கார்ந்திருக்கும். கவிழ்த்தால் அதுவே குடிக்கும் கிண்ணம். உள்ளே பழையசோறும் நீராகாரமும் தளும்பும். ஆனால் வரப்பில் நடந்துபோகும்போது சிந்தாது. வளையக் கைப்பிடியில் தொங்குவதால் சட்டி எப்போதும் தானே நிமிர்ந்துகொள்ளும். ரயில்வே ஊழியர்களும் மில் தொழிலாளிகளும் கொண்டுபோன அடுக்கு டிபன் கேரியரும் அப்படித்தான். இரண்டு பக்கக் கம்பியும் கொண்டியும் அடுக்குகளை இறுக்கிப் பிடிக்கும், பிடித்துத் தூக்கினால் மட்டமாக நிற்கும். ஸ்கூல் பைக்குள் போகும் பெட்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. புத்தகங்களுக்கு நடுவே நிற்கும். பஸ்ஸில் பை படுக்கும். வகுப்பில் குப்புற விழும். ஸ்கூட்டியின் முன்கொக்கியில் தொங்கும் ஆபீஸ் பெட்டிக்கு ஒவ்வொரு வேகத்தடையும் ஒரு சோதனை.

ஆகவே வாங்கப் போகும்போது முதலில் பெட்டி எப்படிப் பயணம் செய்யப்போகிறது என்று யோசியுங்கள். கையில் தொங்கும் தனிப் பையில் நிமிர்ந்து போகிறது என்றால் சாதாரண அமுக்கு மூடி போதும். திறப்பதும் சுலபம், கழுவுவதும் சுலபம். புத்தகப் பைக்குள் போகிறது என்றால் வாஷரும் லாக்கும் வேண்டும். ரசம், சாம்பார், குழம்பு தனியாக வேண்டும் என்றால் அதற்குத் திருகு மூடி போட்ட சின்ன டப்பா தனியாக வேண்டும். உள்ளே தடுப்பு வைத்த பெட்டியில் ஒரு பக்கம் சாதம், ஒரு பக்கம் குழம்பு என்று வைத்து ஏமாறாதவர் குறைவு. மூடியின் வாஷர் வெளி விளிம்பைச் சுற்றி மட்டும்தான் ஓடுகிறது; நடுத் தடுப்புக்கும் மூடிக்கும் இடையில் ஒரு நூல் இடைவெளி இருக்கும். பை சாய்ந்தால் மோர்க்குழம்பு தடுப்பைத் தாண்டிப் போய் வெல்லப் பணியாரத்தோடு உறவாடும். தடுப்புப் பெட்டி உலர்ந்த பண்டத்துக்குத்தான்.

கடையில் கூச்சப்படாமல் கொஞ்சம் தண்ணீர் கேளுங்கள். பாதி பெட்டி ஊற்றி, மூடி, கல்லாவில் இருக்கும் துண்டுக் காகிதத்தின் மேல் தலைகீழாக வையுங்கள். மற்றதைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துத் தூக்கினால் காகிதம் சொல்லிவிடும். எங்கள் ஊர்ப் பாத்திரக்கடை அண்ணாச்சி முதல் தடவை முகத்தைச் சுளித்தார். இப்போது அவரே வாளியில் தண்ணீர் வைத்திருக்கிறார். பிள்ளைக்கு வாங்குவதென்றால் பிள்ளையையும் கூட்டிப் போங்கள். லாக்கைத் தானே போட்டுத் தானே கழற்றட்டும், மூன்று தடவை. நம் கைக்கு 'கிளிக்' என்று விழும் லாக் அதன் கைக்கு விழாது. பிள்ளையால் திறக்க முடியாத பெட்டி, எவ்வளவு நல்ல பெட்டியானாலும், நமக்கு வேண்டாம்.

எதில் செய்த பெட்டி என்பது அடுத்தது. நான் எவர்சில்வர் கட்சி. காரணம் எளிது: மணம் பிடிக்காது, மஞ்சள் பிடிக்காது, கீழே விழுந்தால் நசுங்குமே தவிர உடையாது. நசுங்கிப்போனால் பழைய பாத்திரம் என்று எடை போட்டுக் காசும் வாங்கிக்கொள்ளலாம். எவர்சில்வர் துரு பிடிக்காமல் இருப்பது அதில் கலந்த குரோமியத்தால். காற்றுப் பட்டதும் குரோமியம் மேலே ஒரு மெல்லிய படலத்தைப் போர்த்திக்கொள்ளும். கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் படலம் மறுபடி உருவாகும். '18/8' என்று அடியில் பொறித்திருந்தால் 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல் என்று பொருள். இதையே 304 தரம் என்கிறார்கள். 202 என்பது நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய, விலை குறைந்த தரம். அது விஷமொன்றும் இல்லை, ஆனால் உப்புக்கும் புளிக்கும் 304 அளவுக்குத் தாங்காது.

காந்தம் ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் உயர்ந்தது என்று ஒரு நம்பிக்கை உண்டு. பாதிதான் சரி. காந்தம் நன்றாக ஒட்டுகிறது என்றால் அதில் நிக்கல் அநேகமாக இல்லை என்று கொள்ளலாம். ஆனால் ஒட்டவில்லை என்பதால் அது 304 என்று ஆகிவிடாது; 202-லும் ஒட்டாது. இரண்டையும் கண்ணால் பிரிப்பதற்கு வழியில்லை. தரம் பொறித்திருக்கிறதா, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் எவர்சில்வர் பாத்திரங்களுக்கான ஐ.எஸ். 14756 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி. கனத்தைக் கையே சொல்லும். கடைக்காரர் 'கேஜ்' என்று சொன்னால் ஒன்று நினைவில் இருக்கட்டும்: எண் கூடக் கூடத் தகடு மெலியும். 22 கேஜைவிட 24 கேஜ் மெல்லிசு.

அலுமினியத்தையும் ஹிண்டாலியத்தையும் சாப்பாடு கட்ட நான் வைத்துக்கொள்வதில்லை. புளி, தக்காளி, தயிர் மூன்றும் அலுமினியத்தைக் கரைக்கும். நம் ஊர்ச் சாப்பாட்டில் இந்த மூன்றும் இல்லாத நாள் எது? இதை வீட்டிலேயே பார்க்கலாம். எவர்சில்வர் கிண்ணத்தில் புளியோதரை வைத்து, சாதத்தில் படும்படி அலுமினியம் ஃபாயிலால் மூடி, ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் ஃபாயிலை வெளிச்சத்தில் பிடித்தால் ஊசி குத்தின மாதிரி ஓட்டைகள் தெரியும். எவர்சில்வர், அலுமினியம், நடுவே உப்பும் புளிப்புமான ஈரம் என்று சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அதில் கரைந்துபோவது ஃபாயில். கரைந்தது எங்கே போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தாத்தாவின் பித்தளைத் தூக்கில் உள்பக்கம் வெள்ளையாகத் தெரிவது வெள்ளீயப் பூச்சு. அது தேய்ந்துபோனால் புளிப்பு எதையும் அதில் வைக்கக் கூடாது. ஈயம் பூசுபவரைத் தேடிக் கண்டுபிடிப்பது இப்போது அந்தத் தூக்கைக் கண்டுபிடிப்பதைவிடச் சிரமம்.

பிளாஸ்டிக் கனமில்லாதது, நிறம் நிறமாகக் கிடைப்பது, பிள்ளைகளுக்குப் பிடிப்பது. வாங்கியே ஆக வேண்டும் என்றால் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது பாலிப்ராப்பிலீன், சூட்டைத் தாங்கும் வகை. 1 என்பது தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக், சூடு ஆகாது. 7 என்பது 'மற்றவை', எதுவும் இருக்கலாம். ஹோட்டல் பார்சலில் வந்த கருப்பு டப்பாவைக் கழுவி வைத்துப் பிள்ளைக்குக் கட்டுவது சிக்கனம் போலத் தெரியும். அது ஒரு தடவைக்கென்று செய்தது, அதோடு விட்டுவிடுவது நல்லது. எண் சரியாக இருந்தாலும் கொதிக்கக் கொதிக்க எண்ணெய்ப் பண்டத்தை எந்தப் பிளாஸ்டிக்கிலும் போடாதீர்கள். உள்ளே சொரசொரப்பாகக் கீறல் விழுந்துவிட்டால் பெட்டியை மாற்றிவிடுங்கள். அந்தக் கீறலுக்குள் ஸ்பாஞ்ச் போகாது, கிருமி போகும். ஆபீசில் மைக்ரோவேவ் இருக்கிறது என்பவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டி வசதி, கனம் மட்டும்தான் குறை. எவர்சில்வரையும் ஃபாயிலையும் மைக்ரோவேவில் வைக்கக் கூடாது என்பது தெரிந்ததே. மெலமின் தட்டும் கூடாது என்பது பலருக்குத் தெரியாது.

அளவு விஷயத்தில் 'மில்லி' என்று அட்டையில் போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது விளிம்பு வரை ஊற்றிய தண்ணீரின் கணக்கு. நம் வீட்டு ஆழாக்கில் கணக்கிடுவதே சுலபம். ஓர் ஆழாக்கு ஏறக்குறைய 168 மில்லி. வடித்தால் மூன்று மடங்காகும். ஆகவே ஆழாக்கு அரிசிச் சாதம் அரை லிட்டர்ப் பெட்டியை நிரப்பும். உடம்பு உழைக்கும் பெரியவருக்கு அது காணாது, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சரி. ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்கு அதில் பாதிதான். பெரிய பெட்டி வாங்கிப் பாதி நிரப்பினால் சாதம் உருண்டு ஒரு மூலையில் களியாகக் கிடக்கும்.

பிள்ளையின் முதுகையும் பாருங்கள். 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. 20 கிலோ பிள்ளைக்கு 2 கிலோ. எங்கள் வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன்: வெறும் எவர்சில்வர்ப் பெட்டி 380 கிராம், சாப்பாடு 300, தண்ணீர் நிறைந்த பாட்டில் 750. ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. புத்தகத்துக்கு மிச்சம் அரைக் கிலோ சொச்சம். சாப்பாட்டுக்குத் தனிக் கைப்பை என்ற பழைய வழக்கத்துக்கு, அந்த வயர் கூடைக் காலத்துக்கு, நான் திரும்பியது இந்தக் கணக்குக்குப் பிறகுதான். அதில் பெட்டி நிமிர்ந்தும் போகிறது.

இனி உள்ளே வைப்பது. இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பெட்டி எதுவானாலும் கெடுவது சோறுதான்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு கிருமி இயல்பாகவே உண்டு. மண்ணிலிருந்து வருவது. உலையில் கொதித்தாலும் அதன் வித்துகள் சாவதில்லை. கூட்டுக்குள் சுருண்டு கிடக்கின்றன. சோறு வெதுவெதுப்பான நிலைக்கு வந்ததும் விழித்துப் பெருகுகின்றன. பெருகும்போது சுரக்கும் ஒரு நச்சு, வாந்தியைக் கொண்டுவருவது, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. உணவுப் பாதுகாப்புக்காரர்கள் 5 டிகிரிக்கு மேல் 60 டிகிரிக்குக் கீழ் என்று ஓர் ஆபத்து எல்லை வகுத்திருப்பது இப்படிப்பட்ட கிருமிகளை நினைத்துத்தான். சமைத்ததை அறைச்சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நம் பெட்டியோ ஐந்தரை மணி நேரம் அந்த எல்லைக்குள்ளேயே கிடக்கிறது. பிறகு எப்படி ஊரில் முக்கால்வாசிப் பேர் டிபன் பாக்ஸில் தின்று பிழைத்திருக்கிறோம்?

நம் பாட்டிமார் கட்டுச்சோற்றுக்கு எதை எடுத்தார்கள் என்று பாருங்கள். புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தயிர்சாதம். மூன்றும் புளிப்பு. புளிப்பில் இந்தக் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரியும்வரை சுண்ட வைப்பது ருசிக்காக மட்டும் என்று நினைத்திருந்தேன். தண்ணீர் போகப் போக அது அதிக நாள் தாங்கும் என்பதும் அதில் இருக்கிறது. சாதத்தை அகலத் தட்டில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, விசிறி ஆறவைத்துப் பிறகு கலந்தார்கள். அகலப் பரப்பினால் சூடு சட்டென இறங்கும், ஆவியும் போய்விடும், பெட்டிக்குள் வியர்வை இருக்காது. மூடியிலிருந்து சொட்டும் அந்த வியர்வைதான் மேல் சாதத்தைச் சொதசொதவென்றாக்கிச் சீக்கிரம் ஊசவைப்பது. காலையில் இதற்கு ஆகும் நேரம், ஃபேனுக்குக் கீழே பத்து நிமிடம். நான் சாதத்தைத் தட்டில் கொட்டிவிட்டுத்தான் தலை பின்னப் போகிறேன். பின்னி முடிக்கவும் ஆறவும் சரியாக இருக்கிறது.

ராத்திரி மீந்த சாதத்தைக் காலையில் தாளித்துக் கட்டுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அந்தச் சாதம் சாப்பிட்டு முடித்த கையோடு ஃப்ரிட்ஜுக்குள் போயிருந்தால் பரவாயில்லை. அடுப்படி மேடையில் மூடியபடி விடிய விடியக் கிடந்திருந்தால், எவ்வளவு கடுகு தாளித்தாலும் பயனில்லை. நச்சு தாளிப்புக்குப் போகாது. அதைத் தண்ணீர் ஊற்றிப் பழையதாக்கியிருந்தால் கதை வேறு, அது புளித்து வேறு வழியில் பிழைத்துக்கொள்கிறது.

தயிர்சாதத்துக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. வெதுவெதுப்பான சாதத்தைக் குழைய மசித்து, காய்ச்சி ஆறிய பாலை நிறைய விட்டு, தயிர் ஒரே ஒரு கரண்டி. பெட்டிக்குள் உறை ஊறிப் பன்னிரண்டரைக்குச் சரியான பதத்தில் இருக்கும். முழுக்கத் தயிரில் பிசைந்தால் மதியத்துக்குள் புளித்து இறுகும். சாம்பார் சாதமும் அப்படித்தான், காலையில் நமக்குத் தண்ணியாகத் தெரிய வேண்டும். ஆறும்போது சோறு குழம்பைக் குடித்துக் கெட்டிப்படும். காலையில் சரியாக இருந்தால் மதியம் கல்.

தேங்காய்ச் சட்னியைப் பெட்டியில் வைக்காதீர்கள், அவ்வளவுதான். ஈரமும் கொழுப்பும் உள்ளது, புளிப்பு இல்லாதது, பச்சையாக அரைத்தது. பத்து மணிக்கே நூல்விடத் தொடங்கும். இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் இருபுறமும் தடவி அடுக்கினால் மதியம் வரை மெத்தென்று இருக்கும். ரயில் பயணத்துக்கு அப்படித்தானே கட்டுகிறோம். சட்னி வேண்டும் என்று அடம் பிடித்தால் தக்காளித் தொக்கு. தோசை பெட்டிக்கு ஆகாது, ஆறினால் தோலாகிவிடும். அதே மாவில் குழிப்பணியாரம் ஊற்றினால் பிள்ளைகள் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுவிடும். சப்பாத்தியை ஃபாயிலுக்குப் பதில் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பாருங்கள், ஆவியைத் துணி வாங்கிக்கொள்ளும். வாட்டிய வாழையிலை கிடைத்தால் அதைவிட மேல். வடை, பஜ்ஜியின் எண்ணெயை ஒற்றச் செய்தித்தாளை அடியில் விரிப்பது கூடாது. அச்சு மை சாப்பாட்டில் இறங்கும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்திருக்கிறது.

ஆறவைத்துக் கட்டுவது ஒரு வழி என்றால், சுடச்சுட வைத்திருப்பது இன்னொரு வழி. நடுவில் நிற்பதுதான் வம்பு. 'ஹாட் பாக்ஸ்' என்று விற்பதில் பாதி, பிளாஸ்டிக் ஓட்டுக்குள் ஒரு எவர்சில்வர்க் கிண்ணம். நடுவே கொஞ்சம் தக்கையோ வெறும் காற்றோ. அது சாப்பாட்டைச் சூடாக வைக்காது, வெதுவெதுப்பாக வைக்கும். கிருமி கேட்பதும் அந்த வெதுவெதுப்பைத்தான். உண்மையிலேயே சூடு தாங்குவது இரண்டு எவர்சில்வர்ச் சுவர்களுக்கு நடுவே காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடப் பாத்திரம். 1892-இல் ஜேம்ஸ் டூவர் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி தன் ஆய்வுக்கூடத்துக்குச் செய்த குடுவைதான் இதற்கு மூலம். சூட்டைக் கடத்த நடுவில் காற்றே இல்லாததால் அது உள்ளேயே நிற்கிறது. இதை வாங்கியவர்களும் பலர் ஒரு வேலையைச் செய்வதில்லை: கொதிநீரை ஊற்றி மூடி ஐந்து நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, உடனே கொதிக்கும் சாம்பாரை நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த உள்சுவரே பாதிச் சூட்டைக் குடித்துவிடும். கழுத்துவரை நிரப்பவும் வேண்டும். தயிர்சாதத்தை அதில் வைப்பவர்களுக்கு என்ன சொல்ல. பிளக்கில் மாட்டிச் சூடாக்கும் மின்சாரப் பெட்டி ஆபீஸ்காரர்களுக்கு. பதினொன்றரைக்கே மாட்ட நினைவிருந்தால் நல்லது, எனக்கு இருப்பதில்லை.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பெட்டியே வேண்டாம். 1982-இல் தொடங்கிய சத்துணவுக்கு ஒரு தட்டும் டம்ளரும் போதும்; 2022 செப்டம்பரிலிருந்து தொடக்கப்பள்ளிகளில் காலை உணவும் வருகிறது. அடுப்பிலிருந்து தட்டுக்கு நேராக வருவதால் அந்தச் சோற்றுக்கு என் வீட்டுச் சோறு படும் பாடு இல்லை.

பெட்டி வீடு திரும்பியதும் ஒரு வேலை இருக்கிறது. வாஷரைக் கழற்ற வேண்டும். 'அது கழலுமா?' என்று கேட்பவர்கள் இன்று ராத்திரி ஒரு ஸ்பூன் காம்பால் மெதுவாக நெம்பிப் பாருங்கள். பள்ளத்தில் கருப்பாக ஒரு கோடு ஓடும், பூஞ்சை. கழுவியும் நாறுகிறது என்று சொல்லும் பெட்டியில் நாறுவது அந்தக் கோடுதான். வாரம் இருமுறை வாஷரைத் தனியாகச் சோப்பில் கழுவி, பழைய டூத் பிரஷ்ஷால் பள்ளத்தைத் தேய்த்து, இரண்டையும் காயவிட்டு மாட்டினால் போதும். மீன் குழம்பு வாடை வாஷரில் ஏறிவிட்டால் எலுமிச்சைத் தோல் தேய்த்து ஒரு நாள் வெயில். எவர்சில்வரில் உப்பும் ஊறுகாயும் ராத்திரி முழுக்க ஒட்டிக்கிடந்தால் மறுநாள் புள்ளி புள்ளியாகக் குழி தெரியும். குரோமியப் படலத்தைத் துளைக்கத் தெரிந்தது உப்பு. அதனால் சாப்பிட்ட இடத்திலேயே ஒரு கை தண்ணீர் விட்டுக் கொட்டிவிட வேண்டும். பிள்ளையிடம் சொல்லி வைத்தால் ஒரு வாரத்துக்கு நடக்கும், பிறகு மறுபடி சொல்ல வேண்டும். கழுவிய பெட்டியை மூடி வைக்காதீர்கள். பெட்டியையும் மூடியையும் தனித்தனியாகக் கவிழ்த்து வையுங்கள். வெள்ளிக்கிழமை பைக்குள் மறந்து திங்கட்கிழமை கிடைத்த பெட்டியைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.

பெயர் வெட்டுவதையும் விட்டுவிடாதீர்கள். பாத்திரக்கடையில் கல்லா ஓரமாக ஒரு சின்ன மெஷின் இருக்கும். பேனா மாதிரிப் பிடித்து 'ட்ர்ர்ர்' என்று அண்ணாச்சி எழுதித் தருவார். வகுப்பை எழுதச் சொல்ல வேண்டாம், அடுத்த வருஷம் மாறிவிடும். பெட்டியின் அடியில் ஒன்று, மூடியில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வேண்டும். நான் முதல் தடவை பெட்டியில் மட்டும் வெட்டினேன். பள்ளிக்கூடத்தில் பெட்டியை யாரும் மாற்றி எடுப்பதில்லை, மாறுவது மூடிதான். இப்போது எங்கள் வீட்டில் இருக்கும் மூடியில் 'ரா.வெ.' என்று அழகான எழுத்தில் இருக்கிறது. யார் வீட்டுப் பிள்ளையோ, இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மூடி பொருந்துகிறது, ஒரு லாக் மட்டும் சரியாக விழுவதில்லை. சாம்பார் சாதம் கட்டும் நாளில் மேலே ஒரு ரப்பர் பேண்ட் போட்டு அனுப்புகிறேன்.